இடது இறக்கை

“கட்டில் எங்கேன்னு கேட்டா கட்டிலுக்குப் பதில் சொல்லுங்க. எஞ்சினைப் பத்திப் பேசாதீங்க.”

“பின்னாடி முத்தத்துல நிமித்தி வச்சிருக்கேன். தார்பாய் போட்டு மூடித்தான் வச்சிருக்கேன்.”

“தார்பாய் போட்டு மூட அது என்ன பொணமா? எங்கப்பா குடுத்த தேக்குக் கட்டிலு. நான் எங்க படுக்க?”

“ஹால்ல படு. நாலு மாசம்தான்.”

“போன வருசமும் நாலு மாசம்னுதான் சொன்னீங்க. ஊருல அவளவ புருசன் சின்ன வீடு வச்சுக்கிடுதான். எனக்கு வாய்ச்சது ஏரோப்ளேன் வச்சிருக்கு.”

டெல்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டி வீடுகளுக்குச் சுவர் மெலிசு. நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. அவர்கள் ஆரம்பித்தால் மிக்ஸி போடுவதைக் கொஞ்சம் தள்ளிவைப்பேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும்போது நாம் வேறு சத்தம் போடுவானேன்.

என் பெயர் இன்பராணி. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் அடைக்கலசாமி காலமாகி வருஷங்கள் ஆகின்றன. மகன் அகஸ்டின் கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்பும் நேரம் பார்த்துக் கூப்பிடுவான். “மம்மி, டீக் ஹோ?” என்று இந்தியில் நலம் விசாரிப்பான். “டீக்” என்பேன். அதற்குமேல் பேச அவனுக்குத் தமிழ் வராது. எனக்கும் அந்த ஊர்ப் பனியைப் பற்றிக் கேட்பதில் பெரிய ஆர்வம் கிடையாது.

பக்கத்து வீட்டு ஜோதிலிங்கம் விமான நிலையத்தில் தரைப் பொறியாளர். கோவில்பட்டிக்காரர். அடுத்தவன் விமானத்தை ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தவர், திடீரென்று தனக்கு ஒன்று வேண்டும் என்று நினைத்துவிட்டார். கார் வேண்டும் என்று நினைத்திருந்தால் கடனில் வாங்கியிருக்கலாம். இவர் வெளிநாட்டிலிருந்து வரைபடங்களைத் தபாலில் வரவழைத்தார். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம், முழுக்க மரம், பிளைவுட், மேலே துணி. அந்த வரைபடங்களை வாசலிலிருந்து குளியலறை வரை சுவரில் வரிசையாக ஒட்டிவைத்தார். அவர்கள் வீட்டில் கைகழுவப் போகிறவர் விமானத்தின் மூக்கில் தொடங்கி வால்வரை நடந்துதான் போகவேண்டும். சொசைட்டி செக்ரட்டரி கபூர் என்ன இதெல்லாம் என்று விசாரித்தபோது, “லக்டி கா காம் ஹை ஜி” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மரவேலைதானே, பொய் இல்லை.

அவர் மனைவி ஜெயலட்சுமியைத்தான் நான் முதலில் அறிவேன். மதியம் பாத்திரம் தேய்க்கும் பெண் போனதும் என் சமையலறைக்கு வந்துவிடுவாள். கேஸ் சிலிண்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதுதான் அவள் இடம். வந்து உட்கார்ந்தால் அந்த ஆள் இன்றைக்கு என்ன செய்தார் என்பதில் தொடங்குவாள். புருஷன் பெயரும் வராது, மரியாதையும் வராது, ‘அந்த ஆளு’தான். அந்த ஆளு இட்லிப் பானையில் பலகையை வேகவைத்து வளைத்துவிட்டார். அந்த ஆளு புடவைப் பெட்டியைத் திறந்து, பலகையை இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கவ்விகளை அடுக்கிவிட்டார். மகள் பிரியதர்ஷினி பூனாவிலிருந்து லீவுக்கு வந்தால் படுக்க இடமில்லை.

என்னிடம் ஒரு குணம் உண்டு. யார் சொன்னாலும் கேட்பேன். நர்ஸாக இருந்தவளுக்கு எங்கே அமுக்கினால் வலிக்கும் என்று தெரியும். “உன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய வயசுல இப்படிச் செய்யலாமா உங்க வீட்டுக்காரர்?” என்று ஒரு வார்த்தை சொல்வேன். அப்புறம் சும்மா இருப்பேன். அவளே அழுது, அவளே மூக்கைச் சிந்தி, தெளிவாக வீட்டுக்குப் போவாள்.

மாலையில் பார்க் பெஞ்சில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார்கள். “ஃபிர் க்யா ஹுவா, சிஸ்டர்?” என்று கபூர் மனைவியே நகர்ந்து உட்காருவாள். அப்புறம் என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்க ஆட்கள் இருந்தார்கள். இந்த ஊரில் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன், நோயாளிகளைத் தவிர வேறு யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை. இதைச் சும்மா ஒரு விவரத்துக்காகச் சொல்கிறேன்.

எல்லாம் வால் பாகத்தில் கெட்டது. விமானத்தின் வாலைத்தான் அவர் முதலில் செய்து முடித்தார். அதற்குமேல் துணி போர்த்தி, நீள ஊசியால் உள்சட்டத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டுமாம். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். ஜோதிலிங்கம் ஊசியும் கையுமாக வியர்த்துக்கொண்டிருந்தார். துணி சுருங்கிச் சுருங்கி நின்றது. ஜெயலட்சுமி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“தள்ளுங்க. கோணிச் சாக்குக்குக்கூட இதைவிட நல்லாப் போடுவாங்க தையல்.”

“நீ தொடாத. இது விமானத் துணி.”

“துணிதான? எத்தனை ப்ளவுஸ் தைச்சிருக்கேன். ஆகாசத்துல போனாலும் துணி துணிதான். ஜல்தி, அந்த விளக்கை இப்படித் திருப்புங்க.”

அவர் திருப்பினார். அவள் தைத்தாள். முடிந்ததும் அவர் விரலால் சுண்டிப் பார்த்தார், துணி மேளம் மாதிரிப் பேசியது. அவள் உள்ளே போய்க் குங்குமம் எடுத்துவந்து வாலில் ஒரு பொட்டு வைத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் இருப்பதை மறந்துவிட்டுச் சிரித்தார்கள். நான் மெதுவாக எழுந்து வந்துவிட்டேன்.

அதன்பிறகு மதியத்தில் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. வாசலில் பார்த்துக் கூப்பிட்டால், “அப்புறம் வாறேங்க்கா, அவுக பசை கலந்து வச்சிருக்காக, காஞ்சிரும்” என்பாள். ‘அந்த ஆளு’ எப்போது ‘அவுக’ ஆனார் என்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன். பெஞ்சில் இரண்டு நாள் பழையதையே சொல்லிச் சமாளித்தேன். மூன்றாம் மாடிக்காரியின் மருமகள் யாரோடோ மெட்ரோவில் போவதைப் பார்த்தார்களாம், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் உடனே எதுவும் செய்துவிடவில்லை. முறையாகத்தான் முயன்றேன். வீட்டுக்குள் பசையும் பெயிண்டும் வைத்திருக்கிறார்கள், தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கபூரிடம் அக்கறையாகச் சொன்னேன். அவர் விறைப்பாகப் போனார். போனவர் விமானியின் இருக்கையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்தார். பிறகு ஜெயலட்சுமியிடம், விமான நிலையத்தில் வேலை பார்க்கிற ஆண்களைப் பற்றிப் பொதுவாக நாலு விஷயம் சொல்லிவைத்தேன். அவள் என் தோளைத் தட்டிச் சிரித்தாள். “போங்கக்கா, அவுகளுக்கு ஏது நேரம்? வீட்டுக்கு வந்தா இறக்கை, ஆபீசுக்குப் போனாலும் இறக்கை.”

அப்போதும் எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. இப்போதும் இல்லை.

ஜோதிலிங்கம் என்னையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். மரியாதையான மனிதர். கேட்டால் எதையும் விளக்குவார், கேட்காவிட்டாலும் விளக்குவார். பசையைப் பற்றி அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அது இரண்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கலக்கிற பசை. டெல்லிக் குளிரில் தானாக இறுகாது. ஒட்டிய இடத்துக்கு மேல் பழைய ரஜாயை, அந்தக் கனத்த பஞ்சுப் போர்வையை, கூடாரம் மாதிரிப் போட்டு, உள்ளே பெரிய பல்பை எரியவிட்டுச் சூடு கொடுக்க வேண்டும்.

“முதல்ல கிடைக்கிற சூடுதான், சிஸ்டர், சூடு. அப்ப விட்டுட்டா அப்புறம் எவ்வளவு காட்டினாலும் மேலதான் கெட்டி, உள்ள பாகு. குளிர்காலத்துல ஒண்ணும் தெரியாது, கல்லு மாதிரி நிக்கும். மே மாச வெயில் பட்டா இளகிரும்.”

“அப்ப எப்படிக் கண்டுபிடிக்க?”

“அதுக்குத்தான் இந்தக் குச்சி.”

ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே பசையில் நாலைந்து துண்டு மரக்குச்சிகளை ஜோடி ஜோடியாக ஒட்டி, ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, அதே கூடாரத்துக்குள் காயவிடுவார். காய்ந்ததும் குச்சியை முறிப்பார். ஒட்டு பிரியாமல் மரம் பிளந்தால் பசை நல்ல பசை. ஒட்டு விட்டால் செய்த வேலையை அறுத்து எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். இறக்கையை முறித்துப் பார்க்க முடியாது, அதனால் இறக்கைக்குப் பதில் குச்சி. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், மனிதனை அறுத்துப் பார்க்க முடியாது என்று ஒரு குப்பி ரத்தத்தை அனுப்புவோம்.

ஜனவரியில் இடது இறக்கையின் நடுக்கட்டையை ஒட்டினார்கள். இறக்கை முழுக்க அந்தக் கட்டையில்தான் தொங்குகிறது என்று அவர் சொல்லியிருந்தார். ஒட்டி முடித்த கையோடு பூனாவுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. பிரியதர்ஷினியைக் கதிரவன் என்ற பையனின் வீட்டார் பார்க்க வருகிறார்கள், தேதி தள்ள முடியாது. ஜெயலட்சுமி சாவியை என் கையில் வைத்தாள்.

“காலைலயும் சாயங்காலமும் ஒரு எட்டு பாத்துக்கிடுங்கக்கா. பல்பு ஃபியூஸ் ஆனா வேற பல்பு ஜன்னல்ல இருக்கு. உங்களை நம்பித்தான் போறோம்.”

ஆட்டோ கிளம்பியது. நான் உள்ளே போய் முதலில் பல்பை அணைத்தேன். ரஜாயை மடித்து ஓரமாக வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். அன்றைக்கு எதிர் பிளாக் தெரியாத பனிமூட்டம், அது அப்படியே அறைக்குள் வந்தது. குச்சித் தட்டை மட்டும் என் வீட்டுக்கு எடுத்துவந்து, அடுப்பு மேடையில் வெந்நீர்ப் பையோடு ஒரு கம்பளியில் சுற்றிவைத்தேன். நேரம் தவறாமல் வெந்நீர் மாற்றினேன். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்துப் பழகிய கை இது. அவர்கள் திரும்பிவரும் நாள் காலையில் ஜன்னலைச் சாத்தி, ரஜாயைப் போர்த்தி, தட்டைப் பழைய இடத்தில் வைத்து, பல்பைப் போட்டேன். தரையில் படிந்திருந்த ஈரத்தையும் துடைத்துவிட்டேன். யாரும் வழுக்கிவிடக்கூடாது.

ஜோதிலிங்கம் கால் கழுவக்கூட இல்லை, நேராகக் குச்சியை எடுத்தார்.

“கரண்ட் எதும் போச்சா சிஸ்டர்?”

“போகவே இல்லை.”

முறித்தார். மரம் பிளந்தது. இன்னொன்று. அதுவும் பிளந்தது. எல்லாவற்றையும் முறித்துவிட்டு, “இந்தத் தடவைதான் ஒட்டு பிரமாதம். நர்ஸ் கைன்னா நர்ஸ் கைதான்” என்றார். ஜெயலட்சுமி பூனாவிலிருந்து வாங்கிவந்த இனிப்புப் பெட்டியை என்னிடம் நீட்டினாள். பையனுக்குப் பிடித்துவிட்டதாம்.

பிப்ரவரியில் இறக்கையைக் கவிழ்த்துப்போட்டு மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தார்கள். தாங்கியது. குளிரில் தாங்கும் என்று அவர்தானே சொல்லியிருந்தார். பிறகு ஜெயலட்சுமி துணி தைத்தாள், பொட்டு வைத்தாள். அனுமதிக்கு அவர் நடையாய் நடந்து வாங்கினார். ஹரியானாப் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்துக்கு டெம்போவில் ஏற்றிப்போய் அங்கே பாகங்களை ஒன்றாகப் பூட்டினார்கள். விமானம் ஓட்டவும் முறையாகக் கற்று வைத்திருந்தார். மார்ச்சில் காலைக் குளிரில் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி எழும்பி இறங்கினாராம். நன்றாக முழுசாகப் பறப்பது மே மாதம் என்று முடிவாயிற்று. என்னையும் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று விடிந்ததும் பறந்திருக்க வேண்டியது. ஓடுதளத்துக்காரர்கள் ஏதோ தகவலுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். விமானம் வெட்டவெளியில் நின்றது. வெயில் ஏறியது. இறக்கையைத் தொட்டுப் பார்த்த ஜெயலட்சுமி, “தோசைக்கல்லு மாதிரி இருக்கு” என்று கையை உதறினாள். மதியம் போலத்தான் போகலாம் என்றார்கள்.

ஜோதிலிங்கம் பக்கத்து இருக்கையைத் தட்டி, “யாராவது ஒருத்தர் வரலாம்” என்றார்.

“அக்கா, நீங்க ஏறுங்க. நீங்க இல்லேன்னா இந்த இறக்கையே இல்லை.”

“எனக்கு முழங்கால் மடங்காது ஜெயா.”

“அப்ப நான் ஏறவா?”

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டாள். ஒரு காலையும் தூக்கிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். “எனக்குத் தலை சுத்துது. தனியா நிக்கப் பயமா இருக்கு. நீ என்கூட இரு” என்றேன். அவள் அவரைப் பார்த்தாள். அவர், “சிஸ்டரைப் பாத்துக்க, அடுத்த ரவுண்டுல நீ வா” என்றார்.

ஜெயலட்சுமி இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் நான். இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அழகாகத்தான் ஏறினார். ஒரு வட்டம் போட்டார். ஜெயலட்சுமி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கைதட்டினாள். இரண்டாவது வட்டத்தில் திரும்பும்போது இடது இறக்கை மெதுவாக மேல்நோக்கி மடிந்தது, புத்தகத்தை மூடுவது போல. சத்தம் அப்புறம்தான் வந்தது. நான் ஓடிப்போனேன். முழங்காலைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை. நாடி பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, பழக்கதோஷம்.

விசாரணைக்கு வந்தவர்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்தார்கள். ஒட்டு விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு வந்து முறிந்த குச்சிகளை எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நல்ல ஒட்டு. அப்படியானால் பசையில் குறை இல்லை, இறக்கையை ஒட்டியவர் அந்த இடத்தில் கவனம் தவறியிருக்கிறார் என்று முடிந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு திருகாணியைக்கூடத் தளர விடாத மனிதர் என்று அலுவலகத்தில் எல்லாரும் சொன்னார்களாம். வயசாகிவிட்டது என்றும் சொன்னார்களாம்.

பிறகு மதியம் ஜெயலட்சுமி வர ஆரம்பித்தாள். பாத்திரம் தேய்க்கிற பெண் போனதும் வந்து, அதே ஸ்டூலில் உட்காருவாள். முன்னைவிட அதிக நேரம் இருந்தாள். சொன்னதையே சொன்னாள், நான் அலுக்காமல் கேட்டேன். சோறு போட்டேன். தலை வாரிவிட்டேன்.

“இடது இறக்கைக்குத் துணி போட்டது நான்தான்க்கா. என் தையல்தான் விட்டுப்போச்சோ? விசாரிக்க வந்தவுக சொல்லுதாக ஒட்டுன்னு. எனக்கு என்னமோ என் கைதான்னு தோணுது.”

“அப்படியெல்லாம் நினைக்காதே” என்றேன். “உன் தையல் இல்லை” என்று மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அதோடு எழுந்து போயிருப்பாள். நினைத்துக்கொண்டே இருந்தால்தான் மறுநாளும் வருவாள். பார்க் பெஞ்சிலும் எனக்கு மறுபடி இடம் போட்டார்கள். நான் ஒன்றும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னேன்.

என் நோக்கம் என்ன என்று கேட்பீர்கள். அந்த வேலை கெட்டுப்போக வேண்டும், அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், வீட்டில் பழையபடி சண்டை வர வேண்டும். இவ்வளவுதான் நான் நினைத்தது என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியானால் குச்சிகளையும் குளிரில் விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்விதான். ஒட்டு பிரிந்திருக்கும், அவர் இறக்கையை அறுத்து எறிந்திருப்பார், யாருக்கும் ஒரு கீறல் விழுந்திருக்காது. ஆனால் சண்டை வந்திருக்காது. அவர் மறுபடி பசை கலந்திருப்பார், அவள் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இரண்டு பேருமாகச் சிரித்திருப்பார்கள். ஒரு கட்டியை எடுப்பதென்றால் முழுசாக எடுக்க வேண்டும். ஆமாம், அவர் விழ வேண்டும் என்றுதான் குச்சிகளுக்கு வெந்நீர் மாற்றினேன்.

மறு வருஷம் பிரியதர்ஷினிக்கும் அந்தக் கதிரவனுக்கும் கோவில்பட்டியில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. கல்யாணம் முடிந்து டெல்லிக்கு வந்த பெண், “மம்மி, பஸ் ஹோ கயா, போதும். நீ இங்க தனியா இருக்க வேணாம்” என்று அம்மாவை ஒரே வாரத்தில் பூனாவுக்கு அழைத்துப் போய்விட்டாள். அந்த வீட்டில் இப்போது ஒரு பஞ்சாபிப் பையனும் பெண்ணும் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், மதியம் ஆள் இல்லை. கபூர் குடும்பம் நொய்டாவுக்குப் போய்விட்டது.

ஜெயலட்சுமி முதலில் தினமும் போன் செய்தாள். பிறகு ஞாயிறு. பிறகு பண்டிகைக்கு. பூனாவில் ஒரு தையல் வகுப்பு நடத்துகிறாளாம், பத்துப் பெண்கள் வருகிறார்களாம். போன வாரம் நான் கூப்பிட்டபோது பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது, அவளும் சிரித்துக்கொண்டே, “அப்புறம் பேசுதேங்க்கா” என்று வைத்துவிட்டாள். அவள் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தால் நான் இதையெல்லாம் யாரிடமும் சொல்லியிருக்கவே மாட்டேன். அவளுக்காகத்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. புருஷனை அப்படிப் பறிகொடுத்தவள், மனசில் உள்ளதைக் கொட்ட அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்?